கடலுக்குள் இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்ச் பிறந்ததும், வெள்ளிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரிலிருந்து மெர்சிங் நோக்கிப் பேருந்துகள் கிளம்பத் தொடங்கும். அலுவலகத்திலிருந்து நேரே வந்து ஏறுவோர், குடிநுழைவு வரிசையில் கால் கடுக்க நின்று, இருக்கையிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுநாள் காலை தியோமான் தீவில் இறங்குவார்கள். இரண்டு நாளில் நான்கு முறை கடலுக்கு அடியில் சென்றுவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும்போது, அவர்களது கைப்பேசியில் முக்குளிப்புச் சான்றிதழ் அட்டை ஒன்று இருக்கும். திங்கட்கிழமை காலை மறுபடியும் அலுவலகம்.

அந்தப் பேருந்துகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிளம்பும்போது வீட்டில் எழும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “நீச்சலே தட்டுத் தடுமாறித்தான். இதில் கடலுக்கு அடியில் போய் என்ன செய்யப் போகிறாய்?”

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. முறையாகக் கற்றவருக்கு முக்குளிப்பு அச்சப்பட வேண்டிய ஒன்றல்ல. ஆனால் முறையாகக் கற்றாரா என்பதை அட்டை சொல்லாது. பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் இரண்டைத்தான் ஒப்பிடுகிறார்கள்: கட்டணம் எவ்வளவு, அட்டையில் எந்த அமைப்பின் முத்திரை இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. “திறன் கைவரும்வரை கற்க வேண்டும்” என்கிறது பாடத்திட்டம். “ஞாயிறு மாலைக்குள் முடிய வேண்டும்” என்கிறது பயணத்திட்டம். இரண்டும் மோதும்போது பள்ளி எந்தப் பக்கம் நிற்கும் என்பதைத்தான் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்திரையில் பெரிய வேறுபாடு இல்லை

பேடி, எஸ்எஸ்ஐ, என்ஏயுஐ, எஸ்டிஐ என்று பல பெயர்கள் காதில் விழும். இவை பாடத்திட்டம் வகுத்து, பயிற்றுவிப்பாளர்களுக்குத் தகுதி வழங்கும் அனைத்துலக அமைப்புகள். 1966ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பேடி அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது. நீங்கள் பணம் கட்டுவது இந்த அமைப்புகளுக்கு அல்ல. அவற்றின் பாடத்தைச் சொல்லித்தரும் உள்ளூர்ப் பள்ளிக்கு. ஒரே முத்திரை உள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்று பொறுமையாகவும் மற்றொன்று அவசர அவசரமாகவும் சொல்லித்தரலாம்.

தொடக்கநிலைச் சான்றிதழுக்கு ஐஎஸ்ஓ 24801-2 என்ற அனைத்துலகத் தரநிலை இருக்கிறது. பெரிய அமைப்புகளின் ‘ஓப்பன் வாட்டர்’ பாடங்கள் அந்த அளவுகோலுக்குள் அடங்குபவை. எந்த அட்டையைக் காட்டினாலும் தியோமானிலும் மாலத்தீவிலும் உங்களை ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே எந்த அமைப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தை யார் கற்றுத்தரப் போகிறார் என்று விசாரிக்கச் செலவிடுங்கள்.

மூன்று பகுதி, ஒரு பாடம்

பேடியின் ஓப்பன் வாட்டர் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மற்றவையும் ஏறக்குறைய இதே அமைப்பில் இருக்கும்.

முதல் பகுதி ஏட்டுப் பாடம். ஐந்து பிரிவுகளை இணையம் வழி உங்கள் வசதிப்படி படித்து, தேர்வு எழுதலாம். அடுத்தது நீச்சல் குளத்தில் நடக்கும் ஐந்து பாடங்கள். மாஸ்க்குக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, காற்று தீர்ந்துவிட்டால் உடன் வருபவரின் மாற்றுக் குழாயில் மூச்சுவிட்டபடி மேலே வருவது, மேலும் போகாமல் கீழும் போகாமல் நீருக்குள் அந்தரத்தில் நிற்பது ஆகியவற்றை இங்கேதான் பழக வேண்டும். மூன்றாவது பகுதி கடலில் நான்கு முக்குளிப்புகள். அவற்றை ஒரே நாளில் முடிக்க முடியாது. குறைந்தது இரண்டு நாள் வேண்டும். தேர்ச்சி பெற்றவர் துணை ஒருவருடன் 18 மீட்டர் ஆழம்வரை செல்லலாம்.

இந்தப் பாடத்தில் மணிக்கணக்கு தேர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு திறனையும் பதற்றமின்றிச் செய்துகாட்டினால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒருவருக்கு மாஸ்க்கில் நீரை வெளியேற்றுவது முதல் முயற்சியிலேயே வந்துவிடும். இன்னொருவருக்கு மூக்கில் நீர் பட்டதும் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அவருக்கு இன்னும் ஒரு மாலை நேரம் குளத்தில் தேவைப்படும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தக் கூடுதல் மாலை கிடைக்குமா என்பதே கேள்வி.

அவசரம் ஏன் ஆபத்து?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு மடங்கு காற்றழுத்த அளவுக்குக் கூடுகிறது. கரையில் 6 லிட்டர் இடம் பிடிக்கும் காற்று, 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகச் சுருங்கும். கீழே இருக்கும்போது நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் என்ன ஆகும்? அந்தக் காற்று 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. நீச்சல் குளத்தின் ஆழத்திலும்கூட மூச்சை அடக்கி மேலேறினால் காயம் ஏற்படலாம்.

அதனால்தான் “மூச்சை அடக்காதே” என்பது முக்குளிப்பின் முதல் விதி. சொல்வதற்கு எளிது. ஆனால் மாஸ்க்கில் நீர் புகுந்து பதறும் ஒருவரின் உடல் இயல்பாகச் செய்யும் முதல் காரியமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான். குளத்தில் திரும்பத் திரும்பப் பயிற்சி தருவது அந்த இயல்பை மாற்றுவதற்காகத்தான். மாஸ்க்கில் நீர் புகுவதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளும் நிலை வந்த பிறகே கடலுக்குப் போக வேண்டும். குளத்தில் அரைகுறையாகச் செய்தவரிடம் “பரவாயில்லை, கடலில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் பள்ளி, பாடத்தின் உயிர்நாடியையே விட்டுவிடுகிறது.

காதும் அப்படித்தான். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதின் உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் இது நடக்காது. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம். குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குப் பயணத்துக்கு முதல் நாள் சளி பிடிப்பது அபூர்வமல்ல. அப்போது கட்டிய பணம் போய்விடும் என்ற கவலையில் இறங்குபவர்கள்தான் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வழிகள்

நகரத்தில் வேலை பார்ப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வாரயிறுதித் திட்டம். ஏட்டுப் பாடம் வீட்டில், குளப் பயிற்சி ஒரு நாளிலோ இரு மாலைகளிலோ, கடல் பயிற்சி தியோமானில். விடுப்பு எடுக்கத் தேவையில்லை, பயணம், தங்குமிடம் எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். தண்ணீரில் ஏற்கெனவே இயல்பாக இருப்பவர்களுக்கு இது பொருந்தும். குறை என்னவென்றால், இரவுப் பயணத்தில் தூக்கமின்றிப் போய்ச் சேர்ந்த உடனேயே கடலில் இறங்க வேண்டியிருக்கும். ஒரு முக்குளிப்பு தள்ளிப்போனாலும் திட்டம் குலைந்துவிடும்.

இரண்டாவது, மூன்று நான்கு நாள் விடுப்பெடுத்துத் தீவிலேயே முழுப் பாடத்தையும் படிப்பது. தியோமானின் தெக்கே, ஆயிர் பாத்தாங், சாலாங் கிராமங்களிலும், கிளந்தான், திரங்கானு பக்கம் போனால் பெர்ஹெந்தியான் தீவுகளிலும் முக்குளிப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அவசரம் குறைவு, காலையில் வரவில்லையென்றால் மாலையில் மீண்டும் செய்து பார்க்கலாம். சிங்கப்பூரருக்கும் கோலாலம்பூர்வாசிக்கும் இது ஒரு நல்ல சிறு விடுமுறையாகவும் அமையும். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பருவமழையால் இந்தக் கிழக்குக் கரைத் தீவுகளில் கடல் கொந்தளிக்கும். பல தங்குமிடங்கள் மூடிக் கிடக்கும்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. ஏட்டுப் பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரில் நிதானமாக முடித்து, அதற்கான சான்றுக் கடிதத்துடன் கடல் பகுதியை வேறோர் இடத்தில் வேறொரு பயிற்றுவிப்பாளரிடம் முடிக்கலாம். பேடியில் அந்தக் கடிதம் 12 மாதங்களுக்குச் செல்லும். பருவமழைக் காலத்தில் குளத்தில் கற்றுவிட்டு, ஏப்ரலில் கடலுக்குப் போகலாம். தண்ணீரைக் கண்டு தயங்குபவர்களுக்கு இதுவே ஏற்ற வழி. பள்ளி இதற்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன்

கீழ்க்காணும் கேள்விகளை நேரில் போய்க் கேளுங்கள். நல்ல பள்ளி இவற்றுக்கு முகம் சுளிக்காது.

ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை மாணவர்? பேடி விதிப்படி கடலில் ஒரு பயிற்றுவிப்பாளருக்கு அதிகபட்சம் எட்டுப் பேர். அது உச்சவரம்பு, அந்த எண்ணிக்கையில் கற்பதுதான் சிறந்தது என்று பொருளல்ல. எட்டுப் பேர் வரிசையில் முட்டிபோட்டுக் காத்திருந்தால் உங்கள் முறை வருவதற்குள் குளிரும் சலிப்பும் வந்துவிடும். நான்கு பேர் உள்ள குழு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

குளத்தில் கற்றுத்தருபவரே கடலுக்கும் வருவாரா? எங்கே பதறுவீர்கள், எந்தக் காது அடைக்கும் என்பதை அறிந்தவர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். அவரது பயிற்றுவிப்பாளர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர் தற்போது கற்பிக்கத் தகுதியுடன் இருக்கிறாரா என்பதைப் பேடியின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம்.

குளத்தில் எத்தனை மணி நேரம்? ஒரு திறன் வராவிட்டால் இன்னொரு முறை வரலாமா? அதற்குத் தனிக் கட்டணமா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பள்ளியின் குணம் தெரிந்துவிடும். “எல்லாரும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்” என்பது பதிலல்ல.

உடல்நலமில்லை என்றால் தேதியை மாற்றலாமா? எழுத்தில் வாங்குங்கள். சளிக்கும் காது வலிக்கும் இடம் கொடுக்கும் விதி இருந்தால், நோயோடு கடலில் இறங்கும் கட்டாயம் உங்களுக்கு இருக்காது.

கட்டணத்தில் எவையெல்லாம் அடக்கம்? விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் பாடத்தில் இணையப் பாடம், சான்றிதழ்க் கட்டணம், உபகரண வாடகை, படகு, கடல் பூங்காக் கட்டணம், சாப்பாடு ஆகியவை தனித்தனியே ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே இரு பள்ளிகளை ஒப்பிட வேண்டும்.

படகில் என்ன இருக்கிறது? முதுகில் சுமப்பது ஆக்சிஜன் என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், அந்தக் கலனில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைக்கப்பட்டது. உண்மையான ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் படகின் முதலுதவிப் பெட்டி. முக்குளிப்பு விபத்தில் முதலில் தர வேண்டியது அது. படகில் அது இருக்கிறதா, மாணவர்கள் நீருக்குள் இருக்கும்போது மேலே கண்காணிக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

மெர்சிங்கில் நடந்தது

கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. 2022 ஏப்ரல் 6ஆம் தேதி, மெர்சிங்கிற்கு அப்பால் உள்ள தோக்கோங் சங்கோல் என்ற சிறு தீவருகே பயிற்சிக்காக நான்கு பேர் கடலில் இறங்கினார்கள். மேலே வந்தபோது அவர்களது படகு அங்கே இல்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. பயிற்றுவிப்பாளர் மறுநாள் மீட்கப்பட்டார். இன்னும் இருவர் ஏப்ரல் 9ஆம் தேதிதான் உயிரோடு கண்டெடுக்கப்பட்டனர். அவர்களுடன் இருந்த 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

இத்தகைய சம்பவங்கள் அன்றாடம் நடப்பவை அல்ல. இருந்தாலும், முக்குளிப்பின் பாதுகாப்பு நீருக்கு அடியில் மட்டும் இல்லை என்பதை அது நினைவூட்டுகிறது. படகு எங்கே நிற்கும், யார் ஓட்டுவார், நீரோட்டம் எப்படி, ஒவ்வொருவரிடமும் ஊதல் இருக்கிறதா, தொலைவிலிருந்து தெரியும்படி ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் குழுவில் யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் இறங்கும் முன் விளக்க வேண்டியது பயிற்றுவிப்பாளரின் கடமை. விளக்காவிட்டால் கேட்க வேண்டியது மாணவரின் உரிமை.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

பதிவுசெய்யும்போது மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நீரிழிவு, காது அறுவை சிகிச்சை, மனப்பதற்றம் என்று கேள்விகள் நீளும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் புகைப்பழக்கம், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளும் உண்டு. ‘ஆம்’ என்ற பதில் ஒன்று வந்தாலே மருத்துவரைப் பார்க்க நேரலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் படிவத்தை நீட்டினால் ஆசை இன்னும் கூடும்.

அதைச் செய்யாதீர்கள். சிறு வயதில் வந்து போன ஆஸ்துமாகூட முக்கியம். மூச்சுக்குழாயில் அடைபட்ட காற்று மேலேறும்போது விரிந்து நுரையீரலைக் காயப்படுத்தலாம். ‘ஆம்’ என்று எழுதியதாலேயே கதவு மூடிவிடாது. பரிசோதித்த பிறகு மருத்துவர் அனுமதி தருவதும் உண்டு. சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் முக்குளிப்பு மருத்துவத்துக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. கர்ப்பிணிகள் முக்குளிக்கக் கூடாது. படிவத்தைப் பதிவுசெய்யும் அன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

காப்புறுதியையும் அப்போதே பாருங்கள். வழக்கமான பயணக் காப்புறுதி முக்குளிப்பை ஏற்குமா, எந்த ஆழம்வரை, பயிற்சியில் இருப்பவருக்கும் பொருந்துமா என்பவை சிறிய எழுத்தில் இருக்கும். அழுத்த மாற்றத்தால் வரும் நோய்க்கு உயர் அழுத்த அறையில் சிகிச்சை தர வேண்டும். தீவிலிருந்து அந்த அறையை அடையவே பல மணி நேரம் பிடிக்கும், செலவும் ஏறும்.

நீச்சல் எவ்வளவு தெரிய வேண்டும்?

வேகம் தேவையில்லை. பேடி கேட்பது: எந்தப் பாணியிலானாலும் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும்; அல்லது மாஸ்க், ஸ்நோர்க்கல், ஃபின்ஸ் அணிந்து 300 மீட்டர். நேர வரம்பு கிடையாது. பிறகு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். 50 மீட்டர் குளத்தில் நான்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது முடியாதவர்கள் முதலில் அக்கம்பக்க நீச்சல் வளாகத்தில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் நீந்திப் பழகட்டும். “நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சான்றிதழ் வாங்கித் தருகிறோம்” என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது. இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒருநாள் அறிமுக முக்குளிப்பு உண்டு. பயிற்றுவிப்பாளரின் நேரடிக் கண்காணிப்பில் அதிகபட்சம் 12 மீட்டர்வரை சென்று பார்க்கலாம். அது சான்றிதழ் அல்ல, ஒரு சுவை பார்த்தல் மட்டுமே.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு: பேடியின் இளையர் சான்றிதழ் 10 வயதிலிருந்து கிடைக்கும். 10, 11 வயதினர் பெற்றோர், பாதுகாவலர் அல்லது முக்குளிப்பு வல்லுநருடன் 12 மீட்டர்வரைதான் செல்லலாம். வயது வந்துவிட்டதால் மட்டும் பிள்ளை தயாராகிவிடாது. ஆழத்தில் ஏதோ சரியில்லை என்றால் நிதானமாகக் கைச்சைகை காட்டுமா, கூச்சத்தில் சும்மா இருந்துவிடுமா என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

நம் வீட்டுச் சந்தேகங்கள்

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று கேட்கலாம்; பல பள்ளிகளில் வாடகைக்குக் கிடைக்கும். மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: மாஸ்க்கின் ரப்பர் தோலோடு ஒட்டினால்தான் நீர் புகாது. மூக்குக்கு அடியில் அடர்த்தியாக மீசை இருந்தால் கசிந்துகொண்டே இருக்கும். மேல் விளிம்பைச் சற்று ஒதுக்கினால் போதும், முழுதாக எடுக்க வேண்டியதில்லை.

நீச்சலுடை அணியத் தயங்கும் பெண்கள் கவலைப்பட வேண்டாம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் வெட்சூட் எல்லாருக்கும் உண்டு. குளத்திலும் அதை அணியலாம். தாலி, சங்கிலி, மோதிரங்களைக் கழற்றிக் கரையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. நீருக்குள் விரல் சுருங்கி மோதிரம் நழுவினால் தேட வழியில்லை. பெண் பயிற்றுவிப்பாளர் வேண்டுமென்றால் பதிவின்போதே கேளுங்கள். சைவ உணவு உண்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தீவில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் சுட்ட மீனும் கோழியும்தான்.

அட்டை கைக்கு வந்த பிறகு

பாடம் முடிந்த கையோடு “அட்வான்ஸ்டு பாடத்தையும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி” என்பார்கள். விதி அதைத் தடுக்கவில்லை. அட்வான்ஸ்டு என்பது ஐந்து முக்குளிப்புகள் கொண்டது. முடித்தால் 30 மீட்டர்வரை செல்லலாம். ஆனால் நான்கே முக்குளிப்பு அனுபவத்தோடு 30 மீட்டருக்குப் போவதில் என்ன அவசரம்? முதலில் ஆழமில்லாத இடங்களில் பத்துப் பதினைந்து முறை முக்குளித்து, காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் அந்தரத்தில் அசையாமல் நிற்கவும் பழகுங்கள். முக்குளிப்பின் இன்பம் அப்போதுதான் புரியும். பவளத்தை மிதித்து உடைக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

அட்டை காலாவதி ஆகாது, கற்றது மறந்துவிடும். ஓராண்டு இடைவெளி விழுந்தால் குளத்தில் ஒரு நினைவூட்டல் பயிற்சி செய்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். பழகுவதற்குத் தூரப் போக வேண்டியதுமில்லை. மலாயில் பேய் என்று பொருள்படும் பெயர் கொண்ட புலாவ் ஹந்து, சிங்கப்பூரின் தெற்குக் கடலிலேயே இருக்கிறது. நீர் கலங்கலாக இருக்கும், பல நாள்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் தெரியாது. ஆகவே தனியாகப் போகாமல், இடம் அறிந்த வழிகாட்டியுடன் போக வேண்டும். பொறுமையாகப் பார்த்தால் நகத்தளவு வண்ணக் கடல் நத்தைகளும் பவளங்களும் கண்ணில் படும். சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் புதிய செய்தி.

விமானம் ஏறும் திட்டம் இருந்தால் இன்னொன்று. பல முக்குளிப்புகளுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அந்த அவகாசம் தேவை. மலைக்கும் இது பொருந்தும். தியோமானிலிருந்து திரும்பும் வழியில் அப்படியே கெந்திங் போகலாம் என்று குடும்பத்தில் யாராவது கிளம்பினால், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

இப்போதே சேர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு மூன்று பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களது குளப் பயிற்சியை ஒரு மாலை கரையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த வகுப்பில் தடுமாறும் ஒரு மாணவர் கட்டாயம் இருப்பார். பயிற்றுவிப்பாளர் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். கடிகாரத்தைப் பார்க்கிறாரா, அல்லது அவர் பக்கத்தில் போய் நின்று இன்னொரு முறை மெதுவாகச் செய்துகாட்டுகிறாரா? நாளை அந்த மாணவரின் இடத்தில் நீங்கள் இருக்கக்கூடும். எந்தப் பள்ளியில் பணம் கட்டுவது என்பதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.